ரொஸ்னா அம்மையார் சொன்ன ஆமீன்

இல்லை அம்மா, நான் மதம் மாறவில்லை. போனில் நீங்கள் கேட்ட ஸலாம் வேலை விதி. முஸ்லிம் நாடுகளின் கூட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வருபவர்கள்தான் எங்கள் லாபு தோட்டத்து ஓய்வில்லத்தில் தங்குகிறார்கள். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா?

போன வாரம் கடல் கடந்து மேடானிலிருந்து வந்த ரொஸ்னா அம்மையார், இதய அறுவைச் சிகிச்சைக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஓது, மகளே" என்றார். என்னை முஸ்லிம் என்றே நினைத்துவிட்டார். அந்தப் பயந்த முகத்திடம் எதை விளக்குவது? இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தையே முணுமுணுத்தேன். "ஆமீன்" என்றார்.

இன்று திரும்பி வந்து, என் துஆவால், அதாவது என் பிரார்த்தனையால், பிழைத்ததாகச் சொல்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டதற்கு, "பெரிய உத்தமி! ஆளு நல்லாதானே வந்துட்டாங்க, சும்மா இரு லா," என்கிறாள் உடன் வேலை செய்யும் பமீலா.

ஏமாற்றினேனா? தெரியவில்லை. எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள், தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய், நான் கிறிஸ்தவள் என்று ரொஸ்னா அம்மையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அகதா