அண்ணா முழுகிட்டார்

வோபர்ன், ஸ்காபரோ
மாசி மாதக் கடைசி வெள்ளி

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுவது. கல்கரியில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்று கேட்காதே. உன் அண்ணாவின் செத்தவீட்டோடு பூட்டிய சாமி அறை இன்னும் பூட்டியபடிதான் கிடக்கிறது. கடிதம் என்றால் இப்படித் தொடங்கிப் பழகிய கை, எழுதிவிட்டது.

நீ அப்பாவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வரி மெசேஜ் போடுகிறாய். இனித் தமிழே கதைக்கப் போவதில்லை என்று அவரிடம் சொன்னாயாம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கடையில் இடியப்பம் விற்கக் காணும், பெற்ற பிள்ளையோடு கதைக்கக் காணாது. அதனால்தான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்து மறந்திருக்காது என்று நினைத்துப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. மெதுவாக நீயே வாசி.

நானும் அப்பாவும் அந்த அருவிக்குப் போய் வந்தோம்.

அண்ணாவின் ஆண்டுத் திவசத்தை ஐயரை வைத்து இங்கேயே செய்வோம் என்றுதான் அப்பா சொன்னார். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். என் பிரியந்தன் கடைசியாகப் பார்த்த இடத்தை நானும் பார்க்க வேண்டும் என்றேன். உந்தக் கண்றாவி இடத்தை ஏன் பாக்கப் போறியள் என்று கடையில் என்னோடு நிற்கிற கமலாம்பிகை அன்ரி ஏசினார். அப்பா போய் டிக்கெட் எடுத்தார். இப்போதெல்லாம் மிசிசாகாவில் வேலை முடிந்து வந்தால், காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பார். நான் போய்க் கண்ணாடியில் தட்டினால்தான் இறங்குவார்.

அந்த இடம் இருட்டாக, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். நீயும் அண்ணாவும் விடுமுறைக்குப் போன அந்தத் தீவில் அப்படி ஒன்றுமே இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ஈரப்பலா மரமும் வாழையும் செவ்வரத்தம்பூவும். மரவேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். கீழே வெள்ளையாகத் தண்ணீர் விழுகிறது. விழுகிற இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு மடு. குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள். ஒரு தகப்பன் கைக்குழந்தையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து எடுக்க, அது கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறது. இங்கே நீந்தலாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மலைமேல் மழை பெய்தால் இறங்காதீர்கள் என்று அதன் கீழே இன்னொரு வரி. அப்பா வாசித்துச் சொன்னார். அண்ணா போன அன்று நல்ல வெயில் என்றுதானே நீ சொன்னாய். மேலே பெய்கிற மழை கீழே நீந்துகிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்த இடம் அவ்வளவு அழகாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி, நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

அன்று நீ அங்கேயிருந்து எனக்குப் போன் எடுத்தபோது நான் கடையில் மா குழைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். ஆள் தண்ணீரோடு போவதற்குத் தமிழில் என்ன சொல் என்று, அந்தக் கரையில் நின்று தேடியிருக்கிறாய். உனக்கு அகப்பட்டது, சனிக்கிழமைகளில் நான் உங்கள் அறைக்கதவைத் தட்டித் தட்டிக் கேட்கிற சொல். முழுகியாச்சோ, முழுகியாச்சோ என்று கேட்டுத்தானே உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். நாங்கள் எல்லோரும் முளுகு என்றுதான் சொல்வோம். ழகரத்துக்கு வகுப்பில் பரிசு வாங்கியவள் நீ. அம்மா, அண்ணா முழுகிட்டார் என்று அச்சொட்டாகச் சொன்னாய்.

நம் வீட்டில் முழுகுவதென்றால் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதுதானே. நான் சிரித்தேன். இங்கே கெஞ்சினாலும் முழுகாத சோம்பேறி அங்கே போய் முழுகினவனோ என்றேன். தலையை நல்லாத் துவட்டச் சொல்லு, தடிமன் பிடிக்கும், பிறகு தும்மிக்கொண்டு திரிவான் என்றேன். கஸ்டமர் நிற்கினம் என்று போனை வைத்துவிட்டேன்.

நீ இரண்டாம் முறை எடுத்து ஆங்கிலத்தில் சொன்னாய். அந்த ஆங்கிலம் எனக்கு உடனே விளங்கியது.

இரண்டு போனுக்கும் இடையில் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. என் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கல்லில் தனியே இருந்திருப்பாய். அந்தக் கல் எது என்று அங்கே தேடினேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

மகள், உன் தமிழில் பிழை இல்லை. கப்பல் முழுகினது என்றும் சொல்கிறோம், பிள்ளை முழுகினான் என்றும் சொல்கிறோம். சொல் இரண்டுக்கும் ஒன்றுதான். என் காதுதான் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. தன் பிள்ளை குளித்தான் என்று கேட்பதைத்தானே எந்தத் தாயின் காதும் விரும்பும்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லும் என் வாயில் வரவில்லை, என்னால் தலைக்குத் தண்ணீர் வார்க்கவும் முடியவில்லை. செத்தவீடு முடிந்து வந்து எல்லோரும் முழுக, நான் மட்டும் ஷவருக்கு வெளியே நின்றேன். வருடம் முழுவதும் சிங்க்கில் குனிந்து தலையைக் கழுவிச் சமாளித்தேன். அந்த அருவியில் என்ன நினைத்தேனோ, உடுத்த உடுப்போடு இறங்கிவிட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். நல்ல இதமாக இருந்தது. கழுத்தளவுக்குப் போய்த் தலையையும் அமிழ்த்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மேலே வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் பெற்ற பிள்ளைக்கு எழுதலாமோ தெரியாது, எழுதிவிட்டேன்.

அப்பா காலில் சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கரையில் இருத்திவிட்டுத் துவாயை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் செய்யாத வேலை. தலை காய்ந்த பிறகும் நிற்பாட்டவில்லை. காணும், விடுங்கோ என்றேன். அவர் கேட்கவில்லை. துவட்டிக்கொண்டே அழுதார். பக்கத்தில் குளித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

அங்கே போனால் மனம் ஆறும் என்று சிலர் சொன்னார்கள். ஆறவில்லை. போனபடியே திரும்பி வந்தோம். வந்த அன்று இங்கே பனி கொட்டியிருந்தது. வாசலில் பனி வழிக்கிற ஷவலை எடுத்துக்கொண்டு அப்பா வழக்கம்போல மேல்மாடி ஜன்னலைப் பார்த்து அண்ணாவைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

தமிழை விடாதே என்று நான் கேட்பது தமிழுக்காக இல்லை. எனக்கு மிஞ்சியிருப்பது நீ ஒருத்தி. உன்னோடு கதைக்க என்னிடம் வேறு மொழி இல்லை. பிழையாகக் கதை. பாதிக்கு மேல் ஆங்கிலம் போட்டுக் கதை. ஒன்றுமே கதைக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டாவது இரு. நீ எதைச் சொன்னாலும் அம்மா இனிச் சிரிக்க மாட்டேன்.

அன்று போனில் அண்ணாவிடம் சொல்லச் சொல்லி நான் உன்னிடம் தந்ததை நீ யாரிடம் போய்ச் சொல்வாய்? அதைச் சுமந்துகொண்டு திரியாதே, மகள். அது இனி உனக்குத்தான். கல்கரியில் இங்கேயைவிடக் குளிர் கூட என்கிறார்கள்.

முழுகினால் தலையை நல்லாத் துவட்டு, பிள்ளை. தடிமன் பிடிக்கும்.

உன் குரல் கேட்கக் காத்திருக்கும்
அம்மா
யோகமலர்