கீத்தோவில் ஐந்தாம் இரவு

மச்சான்,

ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நீ உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் செய்தேன். இன்று காலை பாரிஸில், எங்கள் ஆட்களின் லா சப்பல் கடைத்தெருவில், பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு மூட்டை கறுவாப் பட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. "என்ன மாமா வேணும்?" என்று கடைக்காரப் பெடியன் மூன்று தரம் கேட்டானாம். நான் கீத்தோவில் நின்றேன். பக்கத்தில் நீ, மூச்சு வாங்கிக்கொண்டு.

கீத்தோ எக்குவடோரின் தலைநகரம். மலையில் கட்டியது என்று புத்தகக்காரர் எழுதுவார்கள். பொய். அதை வானத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் நாள் விடுதிப் படியேறி நான் இழுத்த மூச்சில் எதிர்வீட்டுத் திரைச்சீலை என் வாய்க்குள் வந்துவிட்டது. இதை நான் இங்கே சொன்னபோதெல்லாம் நீ நெற்றியில் கைவைத்தாயே தவிர, ஒருநாளும் மறுக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரே ரெஸ்டோரண்டின் குசினியில் நின்றோம். நீ அடுப்பில், நான் கோப்பை கழுவும் தொட்டியில். சுற்றுலா என்ற சொல்லே உன் வாயில் வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் நீயாக லீவு எடுத்து, எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாய். காரணம் உன் தம்பி. கனடாவுக்குக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அவனைக் கீத்தோவில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். வன்னியில் இருக்கும் மனைவியோடு தம்பி கடைசியாகப் பேசியது அங்கிருந்துதான். பின்னால் மேளமும் பாட்டும் கேட்க, "சாப்பாடும் ஆட்டமும் நடக்கிற ஒரு இடத்தில கோப்பை கழுவுறன்" என்றானாம். பிறகு ஆறு வருடம் ஒரு சத்தமில்லை. உறவுக்காரர் கூடி, அவன் செத்துவிட்டான் என்றே வைத்து, ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கடற்கரையில் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிடுவதென்று முடிவெடுத்தார்கள். செய்தால் அவள் பொட்டை அழிக்கவேண்டும். "நான் போய்த் தேடிப்பாத்திட்டு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தர்ப்பையைத் தொடக்கூடாது" என்று நீ தொலைபேசியில் போட்ட சத்தம் பாரிஸைத் தாண்டி எபினே வரை கேட்டிருக்கும்.

சாப்பிட்டு ஆடும் இடங்கள் அங்கே இருட்டிய பிறகுதான் திறக்கும். ஆகவே இரவிரவாகத் தேடினோம். உன் தம்பியின் படம் உன் கையில். எங்கள் குசினியில் வேலைசெய்த எக்குவடோர்க்காரன் ஸ்பானிஷில் எழுதித் தந்த துண்டு என் கையில்: இந்த ஆளைக் கண்டீர்களா? மேசை மேசையாக நீட்டினோம். ஒரு கடையில் முழுப் பன்றி தலையோடு பொரிந்து படுத்திருந்து என்னைச் சுகம் விசாரித்தது. இன்னொன்றில் எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைக் கம்பியில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பானைகளில் கறுவாவும் கரும்புச் சாராயமும் கொதித்தன. நீ ஒன்றையும் தொடவில்லை.

"என்னடா, விரதமோ?"

"தேடி முடியத் தின்னுறன். எனக்கும் சேத்து நீதான் தின்னுறியே."

என்னோடு ஆட நாற்பது பெண்கள் வரிசையில் நின்றதாக லா சப்பல் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவளுடைய காலை மிதித்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஆடுகிறவர்களின் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஐந்தாம் இரவுதான் கடைசி. விடியப் பிளேன். அந்த ஏற்றத்தில் உன் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒரு ஆட்டக் கடையின் வாசற்கல்லில் குந்திவிட்டாய்.

"நீ போய்ப் பார். எனக்கு ஏலாது."

"தனியே விட்டிட்டோ?"

"போடா. இதுதான் கடைசிக் கடை."

படத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மொழிபெயர்க்கும் கைபேசி உன் சட்டைப்பைக்குள் இருந்தது நினைவில் இல்லை. உள்ளே நூறு சோடி சுழன்றுகொண்டிருந்தது. சரி, இருபது. சுவரோரம் இருந்த ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், படத்தை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தாள். துண்டை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். மளமளவென்று ஏதோ பேசினாள். நான் கைவிரித்தேன். அவள் எழும்பினாள். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, இல்லாத ஒரு வளைவைப் பிடித்தாள். முழங்காலை மடித்து மூன்று அடி முன்னே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றினாள்.

காவடி, மச்சான். அத்தனை சல்சா ஆட்டத்துக்கும் நடுவில், எங்கள் கோயில் வீதியில் உன் தம்பி ஆடும் அதே காவடி.

"காவடியடா, காவடி ஆடிக்காட்டினவள்" என்று கத்திக்கொண்டு உன்னைக் கூப்பிட ஓடினேன். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. பரிமாறுகிறவர்களிடம் கைபேசியை நீட்டினோம். யாரோ வந்து போனவள், தெரியாது என்றார்கள். தெருவில் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"என்ன சொன்னவள்?"

உன் முகத்தைப் பார்த்தேன். வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது. "நல்லா இருக்கிறானாம். தொந்தி வைச்சிட்டுதாம். கடற்கரைப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறானாம்."

"உனக்கு எப்ப தொடக்கம் ஸ்பானிஷ் விளங்குது?"

"கையால காட்டினவள்."

"தொந்தியைக் கையால காட்டலாம். கடற்கரையை எப்படிக் காட்டினவள்?"

நான் கையை அலைபோல் ஆட்டினேன்.

"காவடியில எந்தக் காலை முதல் வைச்சவள்?"

"இடக்கால்."

நீ முகத்தைப் பொத்திக்கொண்டாய். "அவன்தான். வலக்காலில காயம் அவனுக்கு."

அன்றிரவே வன்னிக்குப் பேசினாய். கீரிமலை நின்றது. லா சப்பலுக்குத் திரும்பியபின் நான் கதையை வளர்த்தேன். கீத்தோ முழுவதும் சனிக்கிழமையில் காவடி ஆடுகிறது, போலீஸ்காரனும் ஆடுகிறான் என்றேன். கடை வாசல்களில் சிரித்து உருண்டார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமையில், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அதில எவ்வளவடா உண்மை?" நான் சொன்னேன்: "முழுக்க. குறைச்சுத்தான் சொன்னனான்." நீ கண்ணை மூடிக்கொண்டாய். எட்டு மாதமாக அந்தப் பதில் என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

போன கிழமை வன்னியிலிருந்து அழைப்பு வந்தது. உன் தம்பியின் மனைவி.

"அண்ணை, தேடப்போன அத்தானும் இப்ப இல்லை. சொந்தக்காரர் திரும்பவும் அந்தியேட்டிக்கு நாள் பாத்திட்டினம். அங்கை நிண்டது நீங்கள் ஒராள்தானே. பகிடி விடாமல் சொல்லுங்கோ."

தொந்தி என் கற்பனை என்றேன். கடையும் கடற்கரையும்கூடக் கற்பனைதான். அந்தப் பெண் பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. இடக்கால் என்றது வாயில் வந்தது. காலை நான் பார்க்கவேயில்லை. எழுபது வயதை எட்டும் மனிதன், ஒரு பெண்ணின் ஆறு வருடக் காத்திருப்பின் மேல் இன்னும் மூன்று வருடத்தை ஏற்றிவைத்த பொய்யன், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

அவள் ஏசவில்லை. கேட்டாள்: "காவடி ஆடினது?"

"அது கண்ணால கண்டது, பிள்ளை."

"காலைப் பாக்கேல்லையெண்டா எதைப் பாத்தனீங்கள்?"

"முகத்தை."

"அப்ப சொல்லுங்கோ. அவள் அழுதுகொண்டோ ஆடிக்காட்டினவள், சிரிச்சுக்கொண்டோ?"

நீ என்னிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. காலைக் கேட்டுக் கெடுத்தாய்.

சொன்னேன். "நாளைத் தள்ளச் சொல்லுறன், அண்ணை" என்று வைத்துவிட்டாள்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். திரைச்சீலையை நான் விழுங்கவில்லை. நாற்பது பெண்கள் வரவில்லை. அவ்வளவு பொய்க்கும் நடுவில் இது ஒன்று நான் கட்டியதில்லை, மச்சான்: அவள் சிரித்துக்கொண்டுதான் ஆடினாள்.