மேலுமலை ஏற்றத்தில் ஒரு சுருதி

யூனிஃபார்மைத் துவைக்கப் போடும் முன் பைகளைத் துழாவுவது என் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு வருடமாக அலமாரியின் அடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்தேன். அதன் பையிலிருந்து ஒரு இயர் பிளக் விழுந்தது. மெஷின் சத்தத்துக்காகக் கம்பெனியில் கொடுப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறப் பஞ்சு. ஜோடியில் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் இரண்டு காதையும் அடைத்துக்கொள்பவள். ஒரு காதை மட்டும் அடைத்துக்கொண்டு பாடுகிறவள் எங்கள் பஸ்ஸில் நீ ஒருத்திதான்.

சட்டையைப் பக்கெட்டில் போடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஐந்து பேர் சேர்ந்தது அந்த பஸ்ஸில்தான். ஓசூர் போகும் கம்பெனியின் முதல் ஷிப்ட் பஸ். நான் கிருஷ்ணகிரியில் ஏறுவேன். நீ வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்பு வீட்டிலிருந்து அண்ணனின் வண்டியில் குருபரப்பள்ளி வரை வந்து, தலை ஈரம் காயாமல் ஓடி வந்து ஏறுவாய். உன்னோடு அசெம்பிளியில் நிற்கும் கஸ்தூரி, பெயிண்ட் ஷாப் ரவி, ஸ்டோர்ஸ் ஜான். ஐந்து பேருக்கும் பாட்டுப் பைத்தியம், ஆனால் கிடாரையும் டிரம்ஸையும் வைக்க பஸ்ஸில் இடம் ஏது? வெறும் குரலை வைத்தே பாடலாம் என்று முடிவானது அப்படித்தான். அதற்கு அக்கப்பெல்லா என்று பெயர் இருப்பதே ஆறு மாதம் கழித்து ஜான் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

தமிழில் பாடினால் கன்னடம் கேட்பார்கள், கன்னடத்தில் பாடினால் தெலுங்கு கேட்பார்கள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், லைனில் கன்னடம் என்று மூன்றிலும் சண்டை போடத் தெரிந்த நீதான் வழி சொன்னாய். "இங்கிலீஷ் ராக்கு, பாப்புன்னு எடுத்துக்கலாம்டி. அது யாருக்கும் சொந்தமில்ல. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

பாட்டு தேடிக் கொண்டு வருவது நீ. வேண்டாம் என்பது நான். கம்பெனியில் என் வேலையே அதுதானே, தேறாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவது. பாட்டுக்கும் கட்டினேன். வார்த்தை நெருக்கியடித்து மூச்சு விட இடமில்லாத பாட்டா, சிவப்பு அட்டை. உச்சத்தில் கத்துவதைத் தவிர ஒன்றும் இல்லாததா, சிவப்பு அட்டை. நடுவில் இரண்டு நிமிடம் கிடார் மட்டும் அழும் பாட்டு ஒன்றைக் கொண்டு வந்தாய். ரவி அந்தக் கிடாரை வாயாலேயே வாசித்துக் காட்டினான். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, "யாருக்குப்பா வயித்து வலி?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் சூளகிரி வந்ததே தெரியவில்லை.

உனக்கும் ஒரு கணக்கு இருந்தது. "மொத்த வாத்தியத்தையும் உருவிப் போட்டுட்டு பாரு. அப்பறமும் பாட்டு நிக்குதா? நின்னா எடுத்துக்க." இன்றைக்கும் ஒரு பாட்டு பிடித்துப்போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இருந்தும் நாம் ஒரு தப்புச் செய்தோம். அந்தத் தப்பை பஸ்ஸிலேயே பாடிப் பழகியவர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு முதல் தடவை எடுத்த ராக் பாட்டு நினைவிருக்கிறதா? மேலுமலை ஏற்றத்தில் டிரைவர் நாகராஜண்ணா கியரைக் குறைக்கும்போது சரியாகப் பல்லவி வரும். பஸ்ஸே அதிரும். இரண்டு மாதப் பயிற்சி, நமக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் ஏறி அதே பாட்டைப் பாடினோம். சவசவ என்றிருந்தது. இரண்டாவது சரணத்துக்குள் ஆளுக்கொரு சுருதியில் போய்விட்டோம். கேன்டீன் அக்கா மட்டும் பாவப்பட்டுக் கை தட்டினார்.

மறுநாள் காலை, போனில் எடுத்து வைத்திருந்த பயிற்சிப் பதிவை நீ போட்டுக் கேட்டாய். திடீரென்று என் தொடையில் ஓங்கி அடித்தாய். "ஏய், கேளுடி! நம்ம கூட ஆறாவதா ஒருத்தரு பாடிட்டிருக்காரு!" காதில் வைத்துக் கேட்டேன். நம் ஐந்து குரலுக்கும் அடியில், அசையாமல் ஒரே சுருதியில், பஸ்ஸின் இன்ஜின். இரண்டு மாதமும் நாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறோம். மேடைக்குப் போகும்போது அதை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறோம்.

அன்றிலிருந்து நீ பஸ் ஆனாய். உன்னுடையது கனத்த குரல். போனில் எல்லோரும் 'சார்' என்று கூப்பிடுகிறார்கள் என்று வெட்கப்பட்டு, கூட்டத்தில் வாயே திறக்காமல் இருந்தவள் நீ. இடது காதில் ஆரஞ்சுப் பஞ்சைச் செருகிக்கொண்டு, இன்ஜின் நின்ற இடத்தில் நின்று 'ம்ம்' என்று பிடித்தாய். எங்கள் நான்கு பேருக்கும் காலுக்கடியில் தரை வந்தது. ஏன் ஒரு காது மட்டும் என்று கேட்டேன். "இது என் குரல் எனக்குள்ள கேக்கறதுக்கு. இன்னொண்ணு உங்களுக்கு" என்றாய். அடுத்த விழாவில் மூன்று தடவை திரும்பப் பாடச் சொன்னார்கள்.

இனி அந்தக் கடைசிக் காலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

நீ மெதுவான ஒரு ராக் பாட்டைக் கொண்டு வந்தாய். மேலே எங்கள் நான்கு பேருக்கும் மாறி மாறி நல்ல இடங்கள். கீழே உனக்கு நான்கு நிமிடமும் ஒரே சுருதி. நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அட்டையைக் கட்டினேன். "ஏட்டி, இதுல உனக்கு ஒண்ணுமே இல்லையே. நாலு நிமிஷமும் மரம் மாதிரி நிப்பியா?"

"நிப்பேன். அதான் எனக்கு வேணும்."

"கேக்குறவங்களுக்குப் போரடிக்கும். இது தேறாது."

உனக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லேன்னு நீ எப்பிடி சொல்லுவே? எப்பவும் ரெண்டு காதையும் அடைச்சிட்டே முடிவு பண்றே." உன் காதிலிருந்ததைப் பிடுங்கி என் சட்டைப் பையில் திணித்தாய். "இந்தா. ஒண்ணு போதும். இன்னொண்ண தொறந்து வை."

மறுநாள் காய்ச்சல் என்று நீ வரவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி என்றார்கள். பதினோராம் நாள் காலை, குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது உன் அண்ணன் மட்டும் வண்டியோடு நின்றிருந்தார். நீ போய்விட்டாய் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது.

மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு நாளே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் யாரும் பாடவில்லை. கஸ்தூரி ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். ரவி தூங்கப் பழகிவிட்டான். இந்த ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். "விட்டுடலாம்க்கா, அடியில ஆளில்லாம எப்பிடி?" என்று ஜான் சொன்னான். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் பஸ்ஸை மாற்றிவிட்டார்கள். புதிது, பேட்டரியில் ஓடுகிறது. மேலுமலை ஏற்றத்தில் ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. டயர் உருளுவது மட்டும் கேட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உன் சீட் காலியாக இருப்பது அந்த அமைதியில்தான் முழுதாகத் தெரிந்தது.

நாகராஜண்ணா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஏனம்மா, இந்த ஏத்தம் வந்தா வெறிச்சுன்னு இருக்குதே" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவது போல, 'ம்ம்' என்று பிடித்தார். பழைய பஸ்ஸின் அதே சுருதி. உன் சுருதி. பத்து வருடம் அந்த இன்ஜின் மேல் உட்கார்ந்திருந்தவருக்கு அது தப்புமா?

கஸ்தூரி ஹெட்போனைக் கழற்றினாள். அந்தப் பஞ்சை அன்று கைப்பையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாமலே. எடுத்து இடது காதில் செருகிக்கொண்டு, நான் தள்ளிவிட்ட உன் பாட்டின் முதல் வரியைத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் ரவி எழுந்துவிட்டான். சூளகிரி வருவதற்குள் ஐந்து பேரும் பாடிக்கொண்டிருந்தோம்.

நான்கு நிமிடமும் நாகராஜண்ணா அந்தச் சுருதியை விட்டு அசையவில்லை. போரடிக்கவும் இல்லை. தேறாது என்று நான் சொன்ன பாட்டு அப்படி நிற்கிறது. மேலே நாங்கள் எங்கே போனாலும் திரும்பி வர ஒரு இடம் இருந்தது. நீ வேண்டும் என்றது அதைத்தான் என்று இப்போது கேட்கிறது.

வெள்ளிக்கிழமை பேர் கொடுத்துவிட்டோம். கீழ்க்குரல் என்ற இடத்தில் நாகராஜ், போக்குவரத்து என்று எழுதினேன். "ஸ்டேஜ்லயா? காக்கி போட்டுக்கிட்டு வரலாமாம்மா?" என்று கேட்டார். வரலாம் என்றேன். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் என்று ஒரு இடம் இருந்தது. எப்போதும் என் பேரைத்தான் எழுதுவோம். இந்தத் தடவை உன் பேரை எழுதினேன். விழா அன்றைக்கும் ஒரு காதைத்தான் அடைத்துக்கொள்வேன். இன்னொன்று திறந்திருக்கும்.