கேட்டுவிட்டு உள்ளே வரவும்

ஜூன் 4

என் வீட்டுக்காரருக்கு,

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, இடுப்பில் துண்டோடு நின்ற ஓர் ஆளின் அறைக்குள் புகுந்துவிட்டேன். கதவைத் தட்டி "மே ஐ கம் இன்?" என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு நீளம் எதற்கு என்று கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டேன். "கம் இன், கம் இன்" என்று எனக்கு நானே உத்தரவு கொடுத்துக்கொண்டு நுழைந்தேன். பாவம், அந்த மனுஷன் சோப்பு நுரையோடு ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

என் புண்ணியத்தில் இங்கே புதுச் சட்டம். தட்டணும், கேட்கணும், காத்திருக்கணும். மூன்று தடவை பதில் இல்லையென்றால் திரும்பிவிடணும். கூடவே மத்தியானம் அரை மணி நேரம் இங்கிலீஷ் வகுப்பு. டீச்சரம்மாவுக்கு நம் மகள் வயதுதான். மே என்றால் அனுமதி கேட்பதாம். கேன் என்றால் முடியுமா, ஷால் என்றால் செய்யட்டுமா, வுட் யூ லைக் என்றால் பிரியப்படுகிறீர்களா. மஸ்ட் என்றால் செய்தே ஆகணும். அதை மட்டும் தங்க வருகிறவர்களிடம் சொல்லவே கூடாதாம். "எங்க வீட்டுல அதுதாங்க ரொம்பப் புழக்கம்"னேன். வகுப்பே சிரித்தது.

வேறு யாரைச் சொல்வேன்? மோட்டார் காயில் கட்டுகிற கடையில் நாளெல்லாம் மோட்டாரோடு கத்துகிறவர் நீங்கள். அதற்கு மரியாதை வேண்டாம்தான். நான் மோட்டார் இல்லையே. இங்கே தண்ணீர் வேண்டுமென்றால் "குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?", கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் அடித்த அன்றுகூட நீங்கள் தலை நிமிராமல் கையை நீட்டி "தண்ணி" என்றீர்கள். மறுநாள்தானே பையைத் தூக்கினேன்?

போனில் "ம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். உத்தரவு போட்டால் வரமாட்டேன். வந்து கேட்டால் அந்த நிமிஷமே கிளம்புவேன்.

உங்கள் வாயாடி


ஜூன் 11

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன். உடனே புறப்பட்டு வா. பீரோ சாவி எங்கே, பதில் போடு.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 17

என் வீட்டுக்காரருக்கு,

நாலு வரிக் கடிதத்தில் இரண்டு மஸ்ட். டீச்சரம்மா கையில் கிடைத்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

சாவி எங்கே என்று சொல்ல மாட்டேன், தேடுங்கள். தேடும்போதாவது என் நினைப்பு வரட்டும்.

தினமும் இரட்டைக் கட்டில் விரிக்கிறேன். ஒரு பக்கத் தலையணையை மட்டும் கை தானாக மடக்கி உயரமாக வைத்துவிடுகிறது. நீங்கள் அப்படித்தானே படுப்பீர்கள்? மேற்பார்வைக்காரம்மா வந்து தட்டிச் சமமாக்கிவிட்டுப் போகிறார். மோட்டார் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று, தண்ணீர் பம்புக்கு மேலே இருக்கும் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களெல்லாம் வேண்டாம் என்று ஓடிய அறை.

கடைக்கு வருகிறவர்களிடம் அப்படிக் கேட்டுப் பழகிப் பாருங்கள். நம் பேச்சிலேயே கேளுங்கள், போதும். வாய் ஒன்றும் தேய்ந்துவிடாது.

உங்கள் வாயாடி


ஜூலை 2

வாயாடிக்கு,

ஒருவர் பம்புசெட் மோட்டாரை வழியிலேயே இறக்கி வைத்தார். "அண்ணே, இதக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டேன். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

தண்ணீரை நானே மொண்டு குடிக்கிறேன். குடம் இவ்வளவு கனம் என்று நீ சொன்னதே இல்லை. சாவி அரிசி டப்பாவில் கிடைத்தது.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுத்த வார ஞாயிறு அங்கே வரலாமா? வந்தால் உன்னைக் கூப்பிடலாமா?

உன் வீட்டுக்காரன்


ஜூலை 6

என் வீட்டுக்காரருக்கு,

யூ மே. யூ கேன். யூ ஷால். படித்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். கடிதத்தை டீச்சரம்மாவிடம் காட்டினேன். "உங்க சார் உங்களவிட நல்லாத் தேறிட்டாரே"ன்னு சொல்லுது அந்தப் பொண்ணு.

ஹோட்டலுக்குப் பின்பக்கப் படியில் ஏறினால் மாடியில் வரிசையாக நாலு பச்சைக் கதவு. மூன்றாவது என்னுடையது. சட்டப்படி தட்டி, இங்கிலீஷிலேயே கேட்கணும். எனக்குக் காது குளிரணும். பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 14

வாயாடிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். மூன்றாவது பச்சைக் கதவு. தட்டி, "மே ஐ கம் இன்" என்று கேட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. மூன்று தடவையும் கேட்டேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

பதில் இல்லையென்றால் திரும்பிவிடணும் என்று எழுதியவள் நீதான். வற்புறுத்தக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். பீரோ சாவியை உன் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். உன் துணிமணியை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தலையணையை இப்போது மடக்குவதில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 18

என் மனுஷா,

கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். தாழ்ப்பாளில் கை. முதல் தடவை கேட்டீர்கள். இன்னொரு தடவை கேட்கட்டுமே என்று ஆசை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத காது அல்லவா? இரண்டாம் தடவை கதவோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை உங்கள் குரல் இறங்கிப்போயிருந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இந்த மூஞ்சியோடு எப்படித் திறப்பது என்று துண்டைத் தேடினேன். நாள் முழுக்கத் துண்டு மடிக்கிறவளுக்கு ஒரு துண்டு அகப்படவில்லை. திறந்தபோது கைப்பிடியில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

ஒற்றைச் செருப்போடு நிறுத்தம் வரை ஓடினேன். பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது.

உங்களுக்கு இவ்வளவு நன்றாகப் பாடம் ஏறும் என்று யார் கண்டது! படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வாருங்கள். தட்ட வேண்டாம், கேட்க வேண்டாம். யூ மஸ்ட் கம். இந்த ஒரு தடவை உத்தரவு என்னுடையது. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அது வீட்டுக்கு வந்தால் என்னோடுதான் வரும்.

அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாளே போடுவதில்லை.

உங்கள் வாயாடி

பி.கு.: நேற்றுக் காலை ஒருவர் தட்டாமல், கேட்காமல் நேரே உள்ளே வந்தார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து "தண்ணி" என்றார். ஓடிப்போய் மொண்டு கொடுத்தேன். தலை நிமிராமல் "சாப்பாடு" என்றார். போட்டேன். கை கழுவ எழுந்தபோதுதான் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். நீங்கள் இல்லை, பக்கத்து அறைச் சலவைக்காரியின் வீட்டுக்காரர். ராத்திரிக் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்திருக்கிறார். உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.