மடிக்காத இலை

இன்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எனக்குப் போட்ட இலை நடுவில் கிழிந்திருந்தது. பரிமாறும் அண்ணன் பதறினார். “அக்கா, மாத்திப் போடறேன்.”

“வேணாம்ணே, கிழிசல்லதான் கதையே இருக்கு.”

அவர் என் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரசம் ஊற்றாமலே நகர்ந்துவிட்டார். பாவம், உன்னை அவருக்குத் தெரியாது.

கிள்ளானிலிருந்து நீ இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்பியபோது உன் அம்மா ‘கிளாசிக்ஸ்’ என்றார். அதைத் தெரு முழுக்க விநியோகம் செய்தவள் நான். நாலாவது வீட்டைத் தாண்டும்போது அது ‘கிளாசிக்கல்’ ஆகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆன்டிகள் உன்னை மடக்கினார்கள். “பரதம்தானே? கொஞ்சம் ஆடிக் காட்டுலா!” பழங்கிரேக்க மொழி, அதில் எழுதிய பழங்கதைகள் என்று விளக்கி விளக்கிக் களைத்துப்போனாய். முனைவர் பட்டம் வாங்கிய வருஷம் ஓர் ஆன்டியிடம், “அரங்கேற்றம் முடிஞ்சிருச்சு ஆன்டி” என்றாய். அவர் சலங்கை பரிசளித்தார். அதை உன் பல்கலைக்கழக அறைக் கதவில் கட்டினாய். வெள்ளைக்கார மாணவர்கள் ஜல்ஜல்லென்று உள்ளே வந்தார்கள்.

காவியமும் நாடகமும் படித்த உன் சகாக்கள் உன் கதைகளை மட்டமாகப் பார்த்தார்களாம். “கடல்கொள்ளைக்காரன், கப்பல் உடையறது, செத்துட்டான்னு அழுதா அவன் எழுந்து வர்றது. நம்ம சீரியல்தான்டி” என்று சிரிப்பாய்.

“அப்ப நானும் புரொபசர் ஆகலாமே?”

“ஆகலாம், வம்புத் துறையில எடம் காலியா இருக்கு.”

இதே கடையில்தான் ஒருநாள் சாப்பிட்ட இலையில் உள்ளங்கை அளவுக்குக் கிழித்து என் முன் வைத்தாய். நீ பல வருஷம் உழைத்த பழைய ஏட்டுத் துண்டும் அவ்வளவுதானாம். காதலன் கடலில் மூழ்கிவிட்டான் என்று நம்பும் பெண் துறைமுகத்தில் நிற்கிறாள். ஒரு கப்பல் வருகிறது. யாரோ இறங்குகிறார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த இடத்தில் ஏடு கிழிந்துவிட்டது.

“அவன்தானா?”

“யாருக்குத் தெரியும்? முடிவை நீ எழுதுடி. பொய் சொல்றதுல உன்னை மிஞ்ச ஆள் ஏது?”

“அடுத்த வாரம்” என்றேன். அன்று நீ இலையை மடிக்கவில்லை. சாப்பாடு முடியவில்லை என்று நினைத்து அன்றைய அண்ணன் மறுபடி சோறு போட்டார். “கதை முடியாம எப்படி மடிக்கறது?” என்றாய். அதன்பின் ஒவ்வொரு வருகையிலும் நீ அதைக் கேட்டாய், நான் அதே அடுத்த வாரத்தைச் சொன்னேன், உன் இலை திறந்தே கிடந்தது.

மருத்துவமனையிலிருந்து கடைசியாக அழைத்தபோதும், “முடிவு எங்கடி?” என்றாய். குரல் நூலாக இருந்தது.

“அடுத்த வாரம், சத்தியமா.”

“பொய்க்காரி.” சிரித்தாய்.

அந்த அடுத்த வாரம், கிள்ளானில், உன் சவப்பெட்டியருகே நின்றேன். உன் கதைகளில் இந்தக் கட்டத்தில்தான் எழுந்து உட்காருவார்கள். வெட்கமில்லாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பதினாறாம் நாள் பந்தியில் எல்லோரும் துக்க வீட்டு வழக்கப்படி இலையை எதிர்ப்பக்கம் மடித்தார்கள். உன் தம்பி குனிந்து, “அக்கா, மடிங்க” என்றான்.

“கை வரல தம்பி.”

அவன் என் இலையை விரித்தபடியே எடுத்துக்கொண்டு போனான்.

முடிவை எழுதிப் பார்க்கிறேன். உன் கிரேக்கத் துறைமுகம் எனக்குக் கிள்ளான் துறைமுகமாகிவிடுகிறது. கப்பலிலிருந்து யாரை இறக்கினாலும் நீதான் இறங்குகிறாய், கையில் சலங்கையோடு. காதலன் எங்கே என்று அந்தப் பெண் என்னை முறைக்கிறாள். காகிதத்தைக் கிழிக்கிறேன்.

“அக்கா, முடிஞ்சிருச்சா?” அண்ணன் சோற்று வாளியுடன் திரும்பி வந்து நிற்கிறார்.

“இல்லண்ணே. இன்னும் கொஞ்சம் போடுங்க.”