லேபிள் இல்லாத உல்லன் கடை

மார்ச் 3, திங்கள்

மருமகள் காலுக்கு மாவுக்கட்டு போட்டு இன்று நான்காம் நாள். ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாதாம். அதுவரை அவளுடைய உல்லன் கடையை மூடிவிடலாம் என்றான் மகன்.

"எதுக்கு மூடணும்? நான் ஒருத்தி இங்க உக்கார்ந்திருக்கேனே, கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"அத்தை, உங்களுக்குப் பின்னத் தெரியாதே" என்றாள் மருமகள்.

"விக்கத்தானே போறேன், பின்னவா போறேன்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்களே தவிர, எனக்குக் கணக்கு வராமல் நிறுத்தவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கடையா அது? ஒவ்வொரு நூலுருண்டைக்கும் இடுப்பில் ஒரு காகிதப் பட்டை. சிலது மஞ்சள், சிலது வெள்ளை, சிலது பாதி கிழிந்து தொங்குகிறது. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. புதுப் பாத்திரம் வாங்கினால் ஸ்டிக்கரை ஊறவைத்து உரிக்காமல் நான் இதுவரை அலமாரியில் வைத்ததில்லை.

காலையிலிருந்து உரித்தேன். ஒன்று விடாமல். பிறகு நிறம் பார்த்து அடுக்கினேன் – சிவப்பு, அதைத் தொட்டு ஆரஞ்சு, அதைத் தொட்டு மஞ்சள். உரித்த காகிதம் இரண்டு பை நிறைய வந்தது. குப்பை வண்டி சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது.

இப்போதுதான் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. மருமகள் வந்து பார்த்தால் வாயடைத்துப் போவாள்.

மார்ச் 5, புதன்

கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். புதிதாகக் கற்கப் போகிறாளாம். "பின்னல் சுலபமா, குரோஷா சுலபமா பாட்டி?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஊசியை மேய்க்கப் பொறுமை இருந்தா பின்னல். ஒரு கொக்கியே போதும்னா குரோஷா" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பதில்! எனக்கே பிடித்துப் போயிற்று.

அதோடு போயிருக்கலாம் அவள். "இந்த நூலுக்கு எத்தனாம் நம்பர் ஊசி?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "நாளைக்கு வாம்மா, ஸ்டாக் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

சாயங்காலம் மருமகளிடம், "உனக்குக் கால்தான் உடைஞ்சுதா, மூளையும் சேர்ந்து உடைஞ்சுதான்னு பார்க்கறேன். ஒரு நூலுக்கு எந்த ஊசின்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றேன்.

"லேபிள்ல போட்டிருக்கும் அத்தை."

மார்ச் 6, வியாழன்

இன்றைய கேள்விகள். இதை வெந்நீரில் துவைக்கலாமா? ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை உருண்டை வேண்டும்? இது நிஜமான கம்பளியா, அக்ரிலிக்கா?

எல்லோருக்கும் நாளை என்று சொல்லிவிட்டு வந்து மருமகளுக்குப் பரீட்சை வைத்தேன். துவைப்பது லேபிளில் இருக்குமாம். ஒரு உருண்டையில் எத்தனை மீட்டர் என்பது லேபிளில் இருக்குமாம். கம்பளியா அக்ரிலிக்கா என்பதும் லேபிளில்தானாம்.

இந்த ஒரு வார்த்தையை விட்டால் அவளுக்கு வேறு தெரியாதா?

பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "பாட்டி, நீங்க அம்மாவுக்குப் பரீட்சை வைக்கறீங்களா, இல்ல காப்பி அடிக்கறீங்களா?" என்றாள். போய்ப் பல் தேய் என்றேன். மணி ஐந்துதான் ஆகியிருந்தது.

மார்ச் 8, சனி

பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். அவர் உள்ளங்கைக்குள் என் முகமே அடங்கும். அந்தக் கையில் இரண்டு ஊசி, பச்சை மஃப்ளர் பாதி! மகள் குளிர் நாட்டுக்கு வேலைக்குப் போகிறாள், 21ஆம் தேதி விமானம். டிப்போவில் வண்டி நிற்கும் நேரத்தில் பின்னுகிறாராம். நூல் போதவில்லை என்று மேலும் இரண்டு உருண்டை பச்சை வாங்கினார்.

"நாப்பது கண்ணி போட்டு ஆரம்பிச்சேன்மா. இப்ப நாப்பத்தாறு இருக்கு. நடுவுல யார் ஏறினாங்கன்னே தெரியலை" என்றார்.

நாளை மறுநாள் வரச் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

டிரைவருக்குப் பதில் தயார். நூல் ஊசிமேல் தவறி ஒரு சுற்று கூட விழுந்தால் அது அடுத்த வரிசையில் புதுக் கண்ணி ஆகிவிடுமாம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ண வேண்டும். கம்பீரமாகச் சொன்னேன்.

"சனிக்கிழமை கேட்டது திங்கக்கிழமை வந்து சேருது. எங்க பஸ்ஸே பரவாயில்லை போலிருக்கே" என்றார்.

"வேகம் வேணும்னா ரெண்டு வண்டியா ஓட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே, ஓரம் ஏன் சுருட்டின பாய் மாதிரி சுருளுகிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டார். அதற்கும் நாளை.

மார்ச் 13, வியாழன்

ஓரம் சுருள்வது லேபிளில் இல்லை! ஒரு பக்கம் முழுக்க நேர்க்கண்ணி (நூல் ஊசிக்குப் பின்னால்), மறுபக்கம் முழுக்க மறிகண்ணி (நூல் முன்னால்) என்று போட்டால் துணி அப்படித்தான் சுருளுமாம். இரண்டு ஓரத்திலும் நாலு கண்ணியை எப்போதும் நேர்க்கண்ணியாகவே போட வேண்டும். கேட்டதும் மனது எவ்வளவு லேசானது!

மார்ச் 17, திங்கள்

மோசம் போனேன்.

டிரைவர் மஃப்ளரை மேஜையில் விரித்தார். பாதிவரை ஒரு பச்சை. அதற்குப் பிறகு வெளிறின பச்சை. கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தானே இருந்தது?

"அம்மா, இது பொண்ணு கழுத்துல போடறது. பாதிக்கு ஒரு பெயிண்ட், பாதிக்கு ஒரு பெயிண்ட் அடிக்க இது லைட் கம்பம் இல்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

கடையிலிருந்த பச்சை பதினொன்றையும் தெருவில் வெயிலில் பிடித்து இரண்டு பேரும் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கிளம்புகிறாள்.

வீட்டில் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒரே நிறம் என்றாலும் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் கொஞ்சம் மாறுமாம். அதற்குத்தான் லாட் நம்பர்; ஒரே தடவை சாயம் போட்டதற்கெல்லாம் ஒரே நம்பர். எங்கே இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எனக்கு வேறு வழி இல்லை. மஃப்ளரைக் காப்பாற்ற வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நடந்ததைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது?

"எந்த லேபிளை எடுத்தீங்க அத்தை?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா... ஒண்ணாவது விட்டீங்களா?"

"எந்த வேலையை நான் அரைகுறையா செஞ்சிருக்கேன்?"

தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தலையணை குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா? இரண்டும்தான் என்று அதை எடுத்த பிறகு தெரிந்தது. "ஆறு வருஷம் அலைஞ்சு சேர்த்த சரக்கு அத்தை, எது எதுன்னு நான் யாருக்கு என்ன சொல்லி விப்பேன்?" என்றாள். பிறகு, "நான் வர்ற வரைக்கும் கடை மூடியே இருக்கட்டும்."

கடைச் சாவியை அவள் தலைமாட்டில் வைத்தேன். எனக்கு இது தேவைதானா? சும்மா டிவி பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கலாமே?

மஃப்ளருக்கு மட்டும் வழி சொன்னாள். வெளிறின பகுதியையும் நல்ல பகுதியில் கடைசி ஒரு முழத்தையும் பிரிக்க வேண்டும். பிறகு அடர்ந்ததில் இரண்டு வரிசை, வெளிறினதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும்.

மார்ச் 19, புதன்

பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து டிரைவரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

கடை இல்லை. வேலை இல்லை. சமையலறை டப்பாக்களைத் துடைத்தேன்.

மார்ச் 22, சனி

டிரைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கடைசி வரிசையை முடித்தாராம். "எந்தக் கடையில வாங்கினீங்கன்னு கேக்கறா. நான் பின்னினேன்னா நம்பலை" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் போனதும் மருமகள், "அத்தை, அந்த உருண்டைகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. காலைத் தூக்கி வச்சுக்கிட்டு எவ்வளவு நாள்தான் சீலிங்கைப் பார்ப்பேன்?" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

எட்டு மூட்டை. கூடத்தில் நடக்க இடமில்லை.

ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி நெருப்பில் காட்டுகிறோம். முடி கருகின வாடை வந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியானால் அக்ரிலிக். காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி. பிறகு ஸ்கேலில் நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணி ஊசி நம்பர் போடுகிறாள். நிறங்களை வெயிலில் வைத்து நான் பிரிக்கிறேன். லேபிள் எழுதுவதும் நான்தான். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறதாம். "எழுத்துக்கே ஸ்வெட்டர் போட்டு விட்டீங்களா அத்தை?" என்கிறாள்.

பேசுகிறாள். அது போதும்.

ஏப்ரல் 2, புதன்

இன்று நெருப்புக்கு முன்னால் நான் விரலால் தொட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்தேழு சரி. மருமகள் நம்பாமல் என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு மறுபடி சோதித்தாள். முப்பத்தெட்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாகிவிட்டது. திங்கட்கிழமை கடை திறக்கிறாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கேட்கவில்லை. அவள் கைத்தடியோடு படி இறங்கச் சிரமப்பட்டாள், பிடித்துக்கொண்டு போனேன். போனவள் திரும்பி வருவானேன் என்று அங்கேயே உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

புதுச் சரக்கு வந்தது. பெட்டி நிறைய நீல நூல், ஒவ்வொன்றிலும் பளபளவென்று லேபிள். சுத்தமான கம்பளி என்று மருமகள் வாசித்தாள். நான் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தேன்.

"இல்லையே" என்றேன்.

"அத்தை, லேபிள்லயே போட்டிருக்கு."

"போட்டவன் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்."

வாசலுக்குப் போய்த் தீக்குச்சி கிழித்துப் பார்த்தாள். உருகிக் கறுப்பு மணியாகி நின்றது. இன்னொரு உருண்டையிலும் பார்த்தாள். அதுவும் மணி. அனுப்பினவனுக்கு ஃபோன் போட்டு நன்றாகக் கொடுத்தாள். முழுப் பெட்டியையும் அக்ரிலிக் விலைக்குத் தருகிறேன் என்று அவன் இறங்கி வந்தான்.

பிறகு மேஜையில் உட்கார்ந்து அந்தப் பளபள லேபிள்களை அவளே ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். வெற்றுக் காகிதப் பட்டைகளைத் தன் முன்னால் அடுக்கிக்கொண்டாள். இந்த முறை பேனா அவள் கையில்.

"சொல்லுங்க அத்தை. என்ன எழுதட்டும்?"

அவசரப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிறகுதான் சொன்னேன்.