நீ படித்துச் சொன்ன எண்கள்

இன்று காலை பணி முடிந்து, உடை மாற்றும் அறையில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. காஞ்சிபுரத்து வங்கி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தது. வெளியே அயர்லாந்தின் மழை ஓசையே இல்லாமல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. வாழ்த்து இரண்டே வரிதான். படித்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாழ்த்து உன் குரலில் வராமல் நேராக என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

முன்பெல்லாம் அது உனக்குத்தான் வரும். உடனே கூப்பிடுவாய். "ஏய், பேங்குல உனக்குப் பொறந்த நாள் வாழ்த்து போட்டிருக்காங்கடி. அவங்க சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சி" என்பாய். சொல்லிவிட்டு நீயே சிரிப்பாய்.

நான் நர்ஸ் வேலைக்கு இங்கே கிளம்பிய அன்று என் பழைய சிம் கார்டைச் சின்ன வயதுத் தோழியான உன்னிடம் கொடுத்தேன். அந்த எண்ணோடுதான் என் வங்கிக் கணக்கு பிணைந்திருந்தது. அம்மாவுக்கு கரண்ட் பில், கேஸ், வீட்டு வரி என்று எதை இங்கிருந்து கட்டினாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அம்மாவுக்குக் காது மந்தம். "என்கிட்ட குடு. தையல் மிஷின் பக்கத்துலயே வச்சிக்கினு இருக்கேன். நீ கூப்புடு, நான் படிக்கிறேன். அவ்ளோதானே?" என்றாய். உன் விரலில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை நூல் சுற்றியிருந்தது.

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன்.

இங்கே காலை தேநீர் வேளை, அங்கே உனக்கு மதியம். வங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் முதலில் கேட்கும், பிறகு நீ. "ஆறு... எட்டு... இருடி, எண்ணெய் காயுது" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போவாய். நீ திரும்பி வருவதற்குள் ஓடிபி செத்துப்போயிருக்கும். "இன்னாடி இது, ஒரு வடை போட்டு எடுக்கிற நேரம்கூடத் தர மாட்டேங்கிறான் உன் பேங்க்காரன்?" என்று கோபித்துக்கொள்வாய். எண்ணைப் படித்து முடித்த பிறகு அந்தச் செய்தியின் கடைசி வரியையும் விடாமல் படிப்பாய். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

எப்போது என்று தெரியவில்லை, நான் பில்களைத் தனித்தனியாகக் கட்ட ஆரம்பித்தேன். ஒரே நாளில் முடிகிற வேலையை வாரம் முழுக்க இழுத்தேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடங்களில் நான் இரண்டு ஊர்களில் வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீ எண்களைச் சொல்லச் சொல்ல, அவற்றுக்கு இடையில் சின்ன காஞ்சிபுரம் வரும். மோர்க்காரி வருவாள். உன் பெரியவள் பள்ளிக்கூடப் பையை வீசி எறிவாள். ஒரு வைகாசியில் நான் கூப்பிட்ட நேரம் வரதர் கருட சேவை. "எண்ணெல்லாம் அப்புறம், இத கேளு" என்று போனைத் தெருவை நோக்கிப் பிடித்தாய். நான் மாதா கோயில் தெருப் பிள்ளை. சின்ன வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நாதஸ்வரம் அருகில் வந்து, என்னைக் கடந்து, மெல்ல மெல்லத் தெருமுனையில் திரும்பியது. குடைகள் அசைவதுகூடத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது யாரோ ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் வங்கியிலிருந்து தகவல் வந்தது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் பழைய மாதிரி சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாதாம். வெளிநாடு வாழ்வோருக்கான கணக்காக மாற்ற வேண்டுமாம். விடுமுறையில் வந்தேன். நாம் இருவரும் சேர்ந்துதான் போனோம், நினைவிருக்கிறதா? அங்கிருந்த பெண் அதிகாரி ஆந்திராவிலிருந்து புதிதாக வந்தவர். பக்கத்து வீட்டு நெசவுக்காரர்களிடம் கற்ற தெலுங்கில் நீ நலம் விசாரித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார். "மேடம், உங்க அயர்லாந்து நம்பரையே இதுல போட்டுடலாம். ஓடிபி நேரா உங்களுக்கே வரும். பண்ணிடவா?"

"வேணாம், பழைய நம்பரே இருக்கட்டும்" என்றேன்.

நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய். "பைத்தியமாடி உனக்கு? மாத்துங்க மேடம்."

"இருக்கட்டுமே. உனக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம்னு சொன்னேனா? நான் ஒரு நாளு ஊருல இல்லன்னா அம்மாவுக்கு யாரு கரண்ட் பில் கட்டுவா? மாத்துடி."

உன் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டு எனக்கு மனசு கசந்தது. உனக்கு அலுத்துவிட்டது, சொல்லத் தெரியாமல் இப்படிச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணை மாற்றினோம். திரும்பும் வழியெல்லாம் நான் இரண்டடி முன்னாலேயே நடந்தேன். நீ காந்தி ரோட்டில் எனக்குச் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். உனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்றாய்.

இங்கே வந்து முதல் பில் கட்டியபோது ஓடிபி என் கையிலேயே ஒளிர்ந்தது. எல்லாம் நொடியில் முடிந்தது. சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்தது.

மறுநாள் நீ கூப்பிட்டாய். "இன்னாடி, ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சி. கட்டிட்டேன்."

"இன்னா நம்பர்? படி."

"முடிஞ்சி போன நம்பர்டி அது."

"முடிஞ்சா இன்னா? எத்தினி வருஷம் நான் படிச்சிருக்கேன், ஒரு தபா நீ படிக்க மாட்டியா?"

படித்தேன். நீ ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாய். அன்றிலிருந்து நீ கூப்பிடுவாய், நான் படிப்பேன். மனக்கசப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பிறகு ஒரு நாள் உனக்குப் பின்னால் தறிச் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு ஒலி, விட்டு விட்டு வந்தது. நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவேன். நரம்பில் மருந்து ஏற்றுகிற கருவி, மருந்து தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுகிற ஒலி.

"எங்கடி இருக்கே?" என்றேன்.

"நர்ஸ்கிட்ட மறைக்க முடியாதுபோல" என்றாய். வயிற்றில் கட்டி என்றாய். பேங்குக்கு வந்த அன்றைக்கே தெரியும் என்றாய். "அதனாலதான் நம்பரை மாத்தச் சொன்னேன். நீ பாட்டுக்கு அங்க ஒக்காந்து கூப்பிட்டுக்கினே இருந்தீன்னா, எடுக்க ஆளு இல்லாம போனு அடிச்சிக்கினே இருந்தா, எனக்கு எப்படி இருக்கும்?"

அதற்குப் பிறகு தினமும் நான்தான் கூப்பிட்டேன். அண்ணன், உன் வீட்டுக்காரர், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து போனை உன் தலையணையில் வைப்பார். பில் ஒன்றும் இல்லாத நாளிலும் "படி" என்பாய். நான் மனதில் வந்த எண்களைச் சொல்வேன். பாதித் தூக்கத்தில் ம்ம், ம்ம் என்பாய். உன் மூச்சும் என் குரலும் கடலுக்கு மேலே எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றும். கடைசியாகப் பேசிய அன்று, "நல்ல நம்பர்டி இது" என்றாய். மறுநாள் அண்ணன்தான் எடுத்தார். அழுதார்.

லீவு கிடைக்கவில்லை. உன்னை எடுத்துச் சென்ற அன்று நான் இங்கே யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் ஊருக்கு வர முடிந்தது. அம்மாவைத் தம்பி பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். வீட்டைக் காலி செய்துவிட்டு வங்கிக்குப் போனேன். அதே அதிகாரி. "உங்க ஃப்ரெண்ட் வரலையா?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே இங்க பில்லு எதுவும் இல்லன்னா, அக்கவுண்டை க்ளோஸ் பண்ணிடலாமே மேடம்?"

"வேணாம், இருக்கட்டும்."

"அப்போ லெட்டர் அனுப்ப இங்க ஒரு அட்ரஸ் இருந்தா நல்லது. காஞ்சிபுரத்துல உங்களுக்கு இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து உன் வீட்டுக்கு நடந்தேன். அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே உன் பெரியவள் மிஷினில் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி கேக்கணுமா தங்கச்சி? நம்ம ஊட்டு அட்ரஸைக் குடு" என்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் தவறாக எழுதிவிடக் கூடாது என்பதுபோலக் கதவு எண்ணை இரண்டு முறை சொன்னார். அவள் உள்ளே இருந்து, "லெட்டர் வந்தா நான் போட்டோ எடுத்து அனுப்புறேன் அத்தை" என்றாள்.

மறுநாள் அதைத்தான் கொடுத்தேன்.

நேற்று எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். ஊரில் உங்கள் வீடு எங்கே அக்கா என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை. உன் தெருவின் பெயரைச் சொன்னேன்.